முள்ளும் தாங்கியும்

ஞாயிறு

நல்லூரிலிருந்து பருத்தித்துறை வீதியால் போகையில், கோப்பாய் தாண்டியதும் பெற்றோல் பம்பின் சத்தம் மாறியது. எங்கள் மொறிஸ் மைனர் 1959ஆம் ஆண்டுக் கார், 948 சிசி. இதில் இருப்பது எஸ்.யூ. மின்பம்ப். சாவியைத் திருப்பியதும் டிக் டிக்கென்று தட்டும், காபரேற்றர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். ஓயாமல் தட்டினால் இழுக்கப் பெற்றோல் இல்லை என்று பொருள். பெற்றோல் முள்ளோ கால் தாங்கிக்கு மேலே நிற்கிறது. இரண்டும் முரண்பட்டால் நம்ப வேண்டியது பம்பைத்தான். டிக்கியில் இருந்த கானை எடுத்து ஊற்றிய பிறகே சத்தம் அடங்கியது.

பெற்றோல் முள் பிழை காட்டுவது சின்ன விஷயம் என்று யாழ்ப்பாணத்தில் எவரும் சொல்லமாட்டார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். 2022இல் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அளந்து வாழ்ந்த ஊருக்கு அளவு சொல்லும் முள் முக்கியம்.

திங்கள் இரவு

கழற்றுவதற்கு முன் பெற்றோல் முள் எப்படி வேலை செய்கிறது என்று எழுதி வைக்கிறேன்.

மைனரின் டாஷ்போர்டு நடுவில் ஒரே வட்டம். வேகமானிக்குள்ளேயே பெற்றோல் முள்ளும் இருக்கிறது. முள்ளுக்குப் பின்னால் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று வெறுமைப் பக்கம் இழுக்கும், மற்றது நிறைவுப் பக்கம் இழுக்கும். தாங்கிக்குள் யூனிற் என்று நாங்கள் சொல்லும் கருவியில் ஒரு மிதவை. அதன் கை ஏறி இறங்கும்போது மெல்லிய தடைக்கம்பி ஒன்றின் மேல் உரசிச் செல்லும். பெற்றோல் குறைந்தால் தடை குறையும், நிறைந்தால் தடை கூடும். அந்தத் தடைக்கு ஏற்ப இரு சுருள்களில் ஒன்று வெல்லும். ஆக, முள் பெற்றோலைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது ஒரு வயரின் முனையிலுள்ள தடையை மட்டும். வழியில் எங்கே கறள் பிடித்தாலும் அதையும் பெற்றோல் என்றே எண்ணிக்கொள்ளும்.

1960களின் நடுப்பகுதியில் பல பிரித்தானியக் கார்களுக்கு வேறு வகை முள் வந்தது. அதில் சூடேறி வளையும் ஈருலோகத் தகடு இருக்கும். 10 வோல்ற் தரும் சீராக்கி ஒன்றும் கூடவே இருக்கும். அந்த முள் மெதுவாக ஏறும், எங்களுடையது சட்டென்று துள்ளும். அதன் தாங்கி யூனிற்றில் தடையின் போக்கு நேரெதிர்: வெறுமையில் கூட, நிறைவில் குறைய. எனவே ஒரே பழுது இரண்டு வகையிலும் எதிரெதிராகத் தெரியும். எர்த் (தாங்கிக்கும் கார் உடம்புக்கும் இடையிலான மின்தொடர்பு) கெட்டால் அந்த வகை குறைத்துக் காட்டும். எங்கள் வகை கூட்டிக் காட்டும். நடுவழியில் நிற்க வைப்பது கூட்டிக் காட்டுவதுதான்.

புதன்

கோண்டாவில் கராஜ்கார அண்ணையிடம் கொண்டுபோனேன். மைனரும் ஏ40 காரும் பார்த்தே வயது போனவர். புது யூனிற் எடுப்பிக்கலாமா என்று கேட்டேன்.

“புதுசு வாங்கிப் போடுறதெண்டா ஆராலையும் ஏலும் தம்பி. பிழை எங்கையெண்டு கண்டுபிடிச்சிட்டு வாங்கும். எர்த்தையும் பாரும்.”

சோதனையை முள்ளிடமிருந்து தொடங்கினார். வேகமானியை முன்னால் இழுத்து, பச்சை வயரில் பற்றறியின் மின் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. தாங்கிக்குப் போவது பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயர். அதைக் கழற்றிச் சாவியைத் திருப்பினால் முள் நிறைவுக்குப் போகவேண்டும். அந்த முனையை எர்த் பண்ணினால் வெறுமைக்கு விழவேண்டும். இரண்டும் நடந்தன. அப்படியென்றால் முள் நல்லது. பற்றறி மின்னை அந்த முனையில் நேராகக் கொடுத்தால் சுருள் எரிந்துபோகும். இந்தச் சோதனை செய்பவர்கள் அதை மறக்கக்கூடாது.

அடுத்தது டிக்கி. தளப்பலகையைத் தூக்கி, தாங்கி முனையிலும் அதே சோதனை. தாங்கி மூடியபடியே இருக்க, முதலில் வயரைக் கவ்வியால் பொருத்திவிட்டுப் பிறகுதான் சாவியைத் திருப்பினோம். பெற்றோல் ஆவிக்குப் பக்கத்தில் பொறி பறக்க விடக்கூடாது. முள் சரியாகவே பதில் சொன்னது. வயரும் நல்லது.

கடைசியாக, யூனிற்றின் உடம்பிலிருந்து காரின் பொடியில் (உடம்பில்) சுரண்டிய இரும்புக்கு ஒரு தனி வயர் கொடுத்தார். கால் தாங்கிக்கு மேல் நின்ற முள் உடனே இறங்கியது. தாங்கிக்கும் பொடிக்கும் இடையில் கறள். கடற்காற்று உள்ள ஊரில் அது தானாக வரும். இந்தக் காரில் பற்றறியின் நேர்முனைதான் பொடிக்குப் போகிறது. முள்ளுக்கு எந்த முனை என்பது பொருட்டல்ல. பிடிப்பு சுத்தமாக இருந்தால் போதும்.

வெள்ளி

எர்த் திருத்திய பிறகும் ஒரு குறை மிஞ்சியது. கால் தாங்கியை நெருங்கும்போது முள் திடீரென நிறைவுக்குத் துள்ளித் திரும்பியது. பற்றறியைக் கழற்றி, காரை வெளி முற்றத்தில் விட்டு, யூனிற்றை வெளியே எடுத்தோம். மிதவையைக் குலுக்கினோம், உள்ளே சலசலப்பு இல்லை, ஓட்டையும் இல்லை. ஓம் மீற்றரைப் பிடித்துக்கொண்டு கையை மெல்ல உயர்த்தினோம். தடை சீராக ஏறி வந்தது. கீழ்ப்பகுதியில் ஓரிடத்தில் மட்டும் தொடர்பு அறுந்தது. அறுந்தால் தடை எல்லையற்றது, முள் அதை நிறைவு என்று படிக்கிறது.

ஏன் கீழ்ப்பகுதியில்? அண்ணைக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. “இந்தக் கார் எந்தக் காலத்திலை நிறைச்சு ஓடினது?” தடைக்காலம், பங்கீட்டுக் காலம் என்று எப்போதும் அடியில் கொஞ்சம் எண்ணெயோடுதான் இது ஓடியது. மிதவையின் கை ஆண்டாண்டாக அந்தக் குறுகிய இடத்திலேயே உரசிக் கம்பியைத் தேய்த்திருக்கிறது. மேற்பகுதி இன்னும் புதுசுபோல இருக்கிறது. யாழ்ப்பாணம் பட்ட எண்ணெய்த் தட்டுப்பாடு அந்தக் கம்பியில் பதிந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

பிந்திய காரின் யூனிற் பொருந்துவதுபோல் தோன்றினாலும் முள்ளைத் தலைகீழாகப் படிக்க வைக்கும். ஆகவே அண்ணை தன் தட்டில் கிடந்த, அதே காலத்து மைனரின் யூனிற் ஒன்றை மீற்றரில் சோதித்து எடுத்தார். புதிய கோர்க் வளையம் வைத்துப் பூட்டினோம்.

ஞாயிறு

தாங்கியைச் சமதரையில் முழுவதும் வடித்து, ஐந்தைந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்தேன். மைனரின் தாங்கி ஆறரை கலன், ஏறக்குறைய 29.5 லீற்றர். தட்டையான தாங்கி என்பதால் கார் சரிவில் நின்றால் அளவு மாறும். குறிக்கும்போது அதையும் கவனிக்க வேண்டும். முதல் ஐந்து லீற்றரில் முள் சற்று உயர்ந்து நின்றது. மிதவையின் கையை ஒரு நூல் வளைத்து, வெறுமையில் முள் வெறுமையையே காட்டும்படி செய்தோம். நிறைவில் சற்றுக் குறைத்துக் காட்டினால் யாருக்கும் கேடில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மின் வருகை, முள், வயர், எர்த், தடைக்கம்பி, மிதவை என்று இந்த ஒழுங்கிலேயே பாருங்கள். ஒன்றை நல்லது என்று உறுதி செய்யாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு கருவி இன்னும் நேர்மையாக வேலை செய்யக்கூடியது. அதற்குத் தேவையானவை சுத்தமான எர்த்தும், அதன் வகையை அறிந்து பார்க்கும் ஒருவரின் பொறுமையும்தான்.