பனிப்புகையில் ஒரு மிதிவண்டி

பனி என்றதும் உங்கள் மனம் காஷ்மீருக்கோ கொடைக்கானலுக்கோ பறந்துவிட வேண்டாம். நம் சென்னைக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. மார்கழியில் வந்து தையோடு விடைபெற்றுவிடும் அதை, மின்விசிறியைக் குறைத்துப் போர்வையை இழுத்துக்கொள்வோர் முழுதாக அறியார். விடியலில் மிதிவண்டி மிதிப்போரே அறிவர்.

கடல் அருகிருப்பதால் ஜனவரி இரவுகளிலும் இங்கே வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த அளவே 13.9 டிகிரிதான், அதுவும் 1895-லும் 1905-லும். ஆனால் மிதிவண்டியில் ஏறியவனுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. காற்று அசையாதிருந்தாலும் அவனுடைய வேகமே அவனுக்கு எதிர்காற்றாகிவிடுகிறது. விரல்களும் காதுமடல்களும் விறைத்துப்போகும்.

மயிலாப்பூர் கச்சேரி சாலையிலிருந்து அடையாறுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பல ஆண்டுகள் மிதிவண்டியிலேயே சென்றுவந்தேன். சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால், மந்தைவெளியைக் கடந்து திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது கிழக்கு வெளுக்கும். பாலத்தின் கீழே ஆறு தெரியாது. வெண்பனி மட்டுமே தெரியும். சில நாட்களில் எல்டாம்ஸ் சாலை வழியே தியாகராய நகருக்கும் செல்வதுண்டு. பகலில் கால் வைக்க இடமில்லாத பாண்டி பஜார் அவ்வேளையில் வெறிச்சோடிக் கிடக்கும். பால் பைகளும் செய்தித்தாள் கட்டுகளும் சுமந்த மிதிவண்டிகள் மட்டும் எதிர்ப்படும்.

மழைக்காலம் ஓய்ந்து வானம் தெளிந்தபின், பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் இரவில் விரைந்து இழக்கிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. அதனோடு புகையும் கலந்தால் பத்தடிக்கு அப்பால் சாலையே மறைந்துவிடும்.

2018 ஜனவரி 13, போகி நாள். புகைமூட்டத்தால் சென்னையில் இறங்க இயலாமல் பல விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்ட காலை அது. என் வண்டியின் டைனமோ விளக்குப் பழுதாகி இரண்டு வாரமாகியிருந்தது. 'நாளை பார்க்கலாம்' என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டிருந்தேன்.

மந்தைவெளியில் ஒரு தெருமுனை. டயர் எரிந்த புகை கண்ணைக் கரித்தது. புகைக்குள்ளிருந்து ஒரு சிறு வெளிச்சம் என் பக்கம் திரும்பியது. நான் அதைக் கண்டேன். என்னைக் காண்பதற்கு என்னிடம் வெளிச்சம் ஏதுமில்லை. பிரேக்கை இறுக்கினேன். பனியில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை பிடிக்கவில்லை. இருவரும் விழுந்தோம்.

செய்தித்தாள் போடும் பையன். பள்ளியில் தந்த விலையில்லா மிதிவண்டி. அதன் ஹேண்டில்பாரில் ஒரு டார்ச்சை டியூப் துண்டால் கட்டியிருந்தான். முழங்காலில் இரத்தம் கசிந்தது. அவனோ ஈரத்தில் சிதறிய தாள்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"பதினொண்ணு நனைஞ்சிடுச்சு பாய்" என்றான். பிறகு என் வண்டியைப் பார்த்துவிட்டு, "லைட்டு இல்லையா?" என்று கேட்டான்.

அதில் கோபம் இல்லை; அதுவே என்னைச் சுட்டது. நனைந்த தாள்களுக்குப் பணம் கொடுத்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னால் விடை கொடுக்க இயலவில்லை. அலட்சியம் கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்லப் போய்க்கொண்டிருந்த ஆசிரியர் அல்லவா நான்! அன்று மாலையே விளக்கு வாங்கினேன்.

வாசகர்களே! மிதிவண்டியில் செல்வோராயின் முன்னே விளக்கும் பின்னே சிவப்பு ஒளிப்பானும் பொருத்துங்கள். பனிக்காலையில் வெளிர்நிற உடை அணியுங்கள். திருப்பம் வருமுன்னரே பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தி ரிம்மின் ஈரத்தைத் துடையுங்கள். கார் ஓட்டுவோராயின், மூடுபனியில் விளக்கைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்; உயர்த்திய ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசச் செய்யும். வீட்டிலிருப்போராயின், நாளை காலை வாசலில் செய்தித்தாள் விழும் ஓசை கேட்டதும் ஒருமுறை எழுந்து வாருங்கள். அதைக் கொண்டுவந்த பிள்ளையின் வண்டியில் விளக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள்.