பதில் தராத முகவரி

சென்ற மாதம் ஒரு கணினியைத் தேடி இரண்டு நாள்களைச் செலவிட்டேன். கட்டடச் சீரமைப்பின்போது எங்கள் ஆய்வகத்தின் பழைய சர்வர் வேறோர் அறைக்கு மாற்றப்பட்டு, புதிய ஐபி முகவரியும் பெற்றிருந்தது. அந்த முகவரியை எவரும் குறித்து வைக்கவில்லை. அதை நிறுவிய மூத்த ஆய்வாளரோ பட்டம் பெற்று வெளிநாடு சென்றுவிட்டார்.

அதில் இருந்தவை அடிலாபாத் பகுதியில் நான் பதிவுசெய்த கோலாமி மொழி உரையாடல்கள். அவற்றில் பேசிய மூதாட்டி ஒருவர் சென்ற மழைக்காலத்தில் மறைந்தார். என்னிடமிருந்த பிரதியும் வன்தட்டுப் பழுதால் அழிந்திருந்தது.

எங்கள் வளாக வலையமைப்பில் 65,536 முகவரிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பிங் அனுப்பி ஒரு நொடி காத்திருக்கும் சிறுநிரல் ஒன்றை எழுதினேன். அது முடிய ஏறத்தாழ 18 மணிநேரம் ஆயிற்று. பதில் தந்தவற்றுள் எங்கள் சர்வர் இல்லை. அது செயலிழந்துவிட்டது என்றே முடிவுகட்டினேன்.

மறுநாள் வலையமைப்புப் பொறியாளர் அழைத்தார். அனுமதியின்றி இவ்வாறு துழாவியதற்கு முதலில் கடிந்துகொண்டார். காரணத்தைக் கேட்டபின் எழுத்து வடிவில் விண்ணப்பம் பெற்றுக்கொண்டு, என் இரு பிழைகளையும் விளக்கினார்.

முதற்பிழை, காத்திருந்தது. ஒரு முகவரியின் பதிலுக்காக அடுத்த வினாவை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. வினாக்களைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே, பதில்களைத் தனியே கேட்டால் போதும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட இசட்மேப் இவ்வாறே இயங்குகிறது. பொது ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும், ஒரே கணினியிலிருந்து, 45 நிமிடங்களுக்குள் வினவலாம் என்று அது காட்டியது. எவரை வினவினோம் என்ற பட்டியலைக்கூட அது வைத்துக்கொள்வதில்லை. திரும்பி வரும் பதிலைக் கொண்டே அது தன் வினாவுக்குரியதா என்று சரிபார்க்கிறது. ஒரே வலையமைப்பின்மீது சுமை குவியாதிருக்க முகவரிகளின் வரிசையையும் கலைத்துவிடுகிறது.

இரண்டாம் பிழை, மௌனத்தை இன்மை என்று கொண்டது. பல கணினிகளின் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துவிடும். அவற்றை வேறு வாயிலில் தட்ட வேண்டும். எங்கள் சர்வரில் எஸ்எஸ்எச் இயங்கியதால், போர்ட் 22க்கு இணைப்பு வேண்டுகோள் அனுப்பினோம். நொடிக்கு 500 என்று அவர் வரம்பு விதித்தும், இரண்டேகால் நிமிடத்திற்குள் முடிந்தது. இணைப்பை மறுத்த கணினிகளும் தாம் இருப்பதை உணர்த்தின. மறுப்பும் ஒரு பதிலன்றோ! இணைய இசைந்தவற்றின் அடையாளச் சாவிகளை என் மடிக்கணினியில் முன்பே பதிவாகியிருந்த சாவியோடு ஒப்பிட்டோம். ஒன்று பொருந்தியது. பதிவுகள் அனைத்தும் பழுதின்றி இருந்தன.

மொழியியல் படித்த எனக்கு இதில் வெட்கப்பட நிறையவே இருந்தது. பேச்சு, செய்தி சொல்வதற்கு மட்டுமன்று. தொடர்பு திறந்திருக்கிறதா என்று அறியவும் பயன்படுகிறது என யாக்கப்சன் 1960இல் எழுதியதை முதுகலையில் படித்திருக்கிறேன். தொலைபேசியில் நாம் கேட்கும் 'கேட்கிறதா?' அத்தகையது, பிங்கும் அத்தகையதே. களத்திலோ, முதல் வினாவுக்கு விடை தராதவரை 'மொழி தெரியாதவர்' என்று குறிக்கக் கூடாது என்பது பாலபாடம். அந்நியரிடம் தம் மொழியை மறைப்போர் உண்டு. 1971 முதல் நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 10,000 பேருக்குக் குறைவாகப் பேசப்படும் தாய்மொழிகளைத் தனியே வெளியிடுவதில்லை. அட்டவணையில் காணாத மொழி பேசப்படாத மொழி என்று எவரேனும் சொன்னால் சினம் கொள்பவன் நான். அதே தவற்றை ஒரு கணினியிடம் செய்துவிட்டேன்.

ஆய்வு மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். உங்கள் சர்வரின் மேக் முகவரியை இன்றே குறித்து வையுங்கள். களப்பதிவுகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பிறர் பொறுப்பிலுள்ள வலையமைப்பைத் துழாவுமுன் எழுத்து வடிவில் அனுமதி பெறுங்கள். அனுமதி தருபவரே வழியும் காட்டக்கூடும்.