திண்ணையில் உட்காரும் வித்தை

சென்ற ஜூன் 26-ஆம் தேதி, போதைப் பொருள் ஒழிப்பு தினத்தை முன்னிட்டு, நான் முப்பத்துமூன்று வருஷம் விசில் ஊதிய பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. ஓய்வு பெற்ற பின்னும் நம்மை நினைத்து அழைத்தார்களே என்ற சந்தோஷத்தோடு போய் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர், கெட்டுப்போன நுரையீரல்களைத் திரையில் காட்டி, பிள்ளைகளின் பையைத் தினமும் சோதியுங்கள், சம்சயம் வந்தால் சிறுநீர் பரிசோதனைப் பட்டை வாங்கிப் பாருங்கள் என்று உபதேசித்து, எல்லோரையும் எழுப்பி உறுதிமொழி எடுக்கவைத்துப் புகைப்படமும் பிடித்துக்கொண்டார். நான் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று எழுந்தேன். "விளையாட்டைப் பத்திப் பேச ஆண்டு விழாவிலே நேரம் ஒதுக்குவோம், சார்" என்று உட்காரவைத்துவிட்டார்கள். அன்று சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன்.

பி.டி. வாத்தியாருக்கு இதில் என்ன ஞானம் இருந்துவிடப் போகிறது என்ற அபிப்பிராயம் எனக்குப் புதிதன்று. அதைச் சுமந்துகொண்டுதான் உத்தியோகம் பார்த்தேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் மூச்சு வாங்குவதையும், அவன் வியர்வையின் வாடையையும், அவன் இன்று யாரோடு நிற்கிறான், நேற்று யாரோடு நின்றான் என்பதையும் தினந்தோறும் அருகிலிருந்து அறிகிறவர் வேறு எவர்? ரோல் காலுக்கு முதலில் வருகிறவன் ஒரு நாள் கடைசியில் வந்தால் விட்டுவிடலாம். மூன்று நாள் வந்தால் விடக்கூடாது. காரணம் சொல்லாமல் டீமிலிருந்து விலகுகிறவன், பழைய சிநேகிதர்களை விட்டுத் தன்னைவிட நாலு வயது மூத்தவனோடு சுற்றுகிறவன், வாயையும் மூக்கையும் சுற்றித் தோல் சிவந்து வெடித்திருப்பவன் ஆகியோரை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்துக்கொள்வதோடு சரி, இவற்றில் ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு பிள்ளையைக் குற்றவாளி ஆக்குவது பாவம்.

எங்கள் பக்கத்தில், அதாவது கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் பூமியில், ஹாக்கி மட்டையைத் தெரியாத பையன் அபூர்வம். என் காலத்தில் சொலூஷனைத் தெரியாத பையனும் அபூர்வமாகத்தான் இருந்தான். சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற அந்தச் சின்னக் குழாயைக் கைக்குட்டையில் பிதுக்கி முகர்வது கஞ்சாவைப் போல அவ்வளவு பெரிய காரியமில்லை என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். முதல் தடவை முகர்ந்தவனுக்கே இருதயம் நின்றுபோகக் கூடும் என்பதை அவர்கள் அறியார். 2019-இல் மத்திய அரசுக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையார் வெளியிட்ட கணக்கில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை இந்த முகரும் வகைதான்: பெரியவர்களில் 0.58 சதவீதம், பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளில் 1.17 சதவீதம்.

கண்டுபிடிப்பது சுலபம். கண்டுபிடித்ததை வீட்டில் சொல்வதுதான் இந்தத் தொழிலின் முழுக் கஷ்டமும்.

1993-இல், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் பனியனில் சொலூஷன் வாடை வந்தது. எங்கள் டீமில் லெப்ட் இன் ஆடியவன். அன்று மாலையே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், அவன் வீட்டு வாசலில் நின்றபடியே, தெருவே கேட்க விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றிக் களைத்து வந்திருந்த தகப்பனார் பெல்ட்டை உருவினார். அன்றிரவே வீட்டை விட்டுப் போன பையன் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. சில மாதம் கழித்து அவன் பெயரை ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் அடித்தவர் வகுப்பாசிரியர். அடிக்க வைத்தவன் நான்.

எனக்கு மூத்தவராக இருந்த பி.டி. ஆசிரியரை நாங்கள் பெரிய சார் என்போம். அவர் என்னைத் திட்டவில்லை. "வாசல்ல நின்னு சொன்னா அது கம்ப்ளெயின்ட், தம்பி. திண்ணையில உக்காந்து சொல்லணும்" என்றார், அவ்வளவே. மறுவருஷம் இன்னொரு பையனிடம் அதே அடையாளங்களைக் கண்டபோது, மூன்று நாள் பொறுக்கச் செய்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தகப்பனார் குளித்துச் சாப்பிட்டு இளைப்பாறியிருக்கும் வேளையில் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். திண்ணையில் அமர்ந்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார், உளுந்து விளைச்சலைப் பற்றியும் வறண்ட கண்மாயைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பிறகு, நிலைப்படியில் நின்றிருந்த தாயாரைப் பார்த்து, "தாயி, தம்பி ராத்திரிச் சோறு ஒழுங்காச் சாப்பிடுதானா?" என்றார்.

அந்த அம்மாள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கணவனிடம் சொல்லப் பயந்து, வாடை தெரியாமலிருக்க இரண்டு மாதமாகப் பையனின் தலையணை உறையைத் தினமும் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் பெரிய சார் தகப்பனார் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, உங்க பையனை மாவட்ட டீமுக்கு நினைச்சு வச்சிருக்கேன். அதனாலதான் வந்தேன்" என்று ஆரம்பித்து, தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொல்லி, இரண்டே இரண்டு வாக்குறுதிகள் வாங்கினார். ஒன்று, கை வைக்கக் கூடாது. மற்றொன்று, தினமும் மாலை ஆறரை மணிக்கு மைதானத்துக்குத் தாமே வந்து பையனைக் கூட்டிப்போக வேண்டும். ஒரு வருஷ காலம் அந்த மனிதர் வந்து மைதான உருளையின்மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். நடுவில் ஒருமுறை பையன் வழுக்கினான்; அப்போதும் திண்ணைக்குப் போனோம். அவன் பிளஸ் டூ தேறினான்; இன்று சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான்.

பெரிய சார் அதோடு நிற்கவில்லை. சைக்கிள் கடைக்காரரிடம் போலீஸ் பயம் காட்டாமல் ஓர் ஏற்பாடு சொன்னார்: பள்ளிப் பிள்ளைகள் கையில் சொலூஷன் குழாயைக் கொடுக்க வேண்டாம், பஞ்சரான டியூபைக் கடைக்குக் கொண்டுவந்தால் அங்கேயே ஒட்டிக் கொடுங்கள் என்றார். கடைக்காரருக்கும் கூலி கிடைத்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. பிள்ளைகளுக்கு மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுக்கிறவனுக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவல் என்கிறது 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு. ஒருமுறை மைதான டேப்பைக் கொண்டு அந்த நூறு கஜத்தை நானே அளந்தேன். அதற்குள் நாலு பெட்டிக்கடைகள் இருந்தன. நாலிலும் வாடிக்கையாளர்கள் பெற்றோர்கள்தாம். மகனிடமே காசு கொடுத்து பீடி வாங்கிவரச் சொன்னவர்களும் அவர்களில் உண்டு.

பழக்கம் முற்றிவிட்டவனுக்கு வாத்தியார் போதாது, வைத்தியர் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையத்திலும் நோயாளியோடு குடும்பத்தாரையும் உட்காரவைத்துத்தான் வைத்தியம் நடக்கிறது. 14446 என்ற இலவசத் தொலைபேசியிலும் யோசனை கேட்கலாம். ஆனால் அந்த நிலைக்கு முன்னால் செய்ய வேண்டியதை யார் செய்வது? ஐஸ்லாந்து தேசத்தில் 1998-இல், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்திய ஒரு மாதத்தில் குடித்து வெறித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதமாயிற்று. இரவில் பெற்றோர்கள் கூட்டமாகத் தெருக்களில் நடந்தார்கள், பிள்ளைகள் வீடு திரும்ப நேரம் குறித்தார்கள், விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் அரசு பணம் கொடுத்தது. பெரிய சார் ஐஸ்லாந்தைக் கேள்விப்பட்டவர் அல்லர். அவரிடம் ஒரு சைக்கிளும் ஒரு விசிலும் இருந்தன.

இன்று பத்தாம் வகுப்புக்கு பி.டி. பீரியட் என்பது கால அட்டவணையில் மாத்திரம் இருக்கிறது; அந்த மணியில் கணக்குப் பாடம் நடக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பேசிய காலம் போய், "தங்கள் மகன் இன்று வரவில்லை" என்று தகப்பனாரின் கைப்பேசிக்கு ஒரு வரி போகிறது. அதைப் படித்துவிட்டு அவர் பெல்ட்டை உருவினாரா, உருவவில்லையா என்று கேட்க யாரும் போவதில்லை. பை சோதிக்கப்படுகிற பிள்ளை, மறுநாளிலிருந்து பொருளை வேறிடத்தில் வைக்கக் கற்றுக்கொள்ளுகிறான். கூடவே தகப்பனிடம் எதையும் சொல்லாதிருக்கவும் கற்றுக்கொள்ளுகிறான்.

எங்கள் பள்ளி மைதானத்தின் கேட்டை இப்போது நாலே காலுக்குப் பூட்டிவிடுகிறார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து தாய்தகப்பன்மார் வீடு திரும்ப ஏழு மணி ஆகிறது. அந்த இரண்டே முக்கால் மணி நேரம் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதற்கு எந்த உறுதிமொழியிலும் பதில் இல்லை. கேட்டின் சாவி தலைமையாசிரியர் அறையில் தொங்குகிறது. பெற்றோர் நாலு பேர் முறை வைத்துக்கொண்டு, மாலையில் நாங்கள் வந்து உட்காருகிறோம் என்று சேர்ந்து போய்க் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். கேளுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.