கவசப் பட்டறை கலைக்கூடமான கதை

ஜப்பானின் போர்வீரர்களான சாமுராய்கள் என்றதும் கூரிய வாளும் அச்சுறுத்தும் தலைக்கவசமுமே நம் மனக்கண்முன் தோன்றும். அவர்களின் மற்றொரு முகத்தைக் காண விரும்பினால், அந்நாட்டின் மேற்குக் கடலோரத்திலுள்ள கனசாவா நகருக்குச் செல்லுங்கள்.

1583ஆம் ஆண்டில் மாயேதா தொஷியே என்னும் தளபதி இந்நகரின் கோட்டையில் குடியேறினார். அவருடைய வழியினர் ஆண்ட காகா நாட்டின் விளைச்சல் பத்து இலட்சம் 'கோக்கு'வுக்கும் மேல். ஒருவர் ஓராண்டு முழுதும் உண்ணப் போதுமான அரிசியே ஒரு கோக்கு.

இச்செல்வமே அவர்களுக்கு ஆபத்தாயிற்று. 1599இல் தொஷியே மறைந்ததும், அவர் மகன் தொஷினாகா சதி செய்வதாகப் பெருந்தலைவர் தொகுகாவா இயேயாசு ஐயுற்றார். போரைத் தவிர்க்கும் பொருட்டு, தொஷியேயின் மனைவி மாட்சு 1600இல் பிணையாக எடோ நகருக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குச் சென்றார். 1614இல் மகன் இறந்த பிறகே அத்தாயால் ஊர் திரும்ப முடிந்தது. எத்தகைய கொடிய விலை!

படையைப் பெருக்கினால் ஐயமும் பெருகும். ஆகவே மாயேதாக்கள் தம் செல்வத்தைக் கலைகளின்பால் திருப்பினர். மூன்றாம் தலைவர் தொஷித்சுனே, மூக்கு மயிரை நீள வளர்த்து அறிவிலி போல் நடித்து ஐயத்தைப் போக்கினார் என்றுகூட ஒரு கதை உண்டு!

கோட்டையினுள் ஆயுதங்களையும் கவசங்களையும் செப்பனிட ஒரு பட்டறை இருந்தது. ஒரு கவசத்தை உருவாக்க எத்தனை கைகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இரும்புத் தகடுகளை அடிக்கக் கொல்லர், துருவேறாமல் அரக்குப் பூசுவோர், தகடுகளைப் பிணைக்கப் பட்டுக்கயிறு திரிப்போர், தோல் பதனிடுவோர், பொன் வேலை செய்வோர் என அது நீளும். போர் ஓய்ந்தபின் அதே பட்டறையில் அரக்குப் பேழைகளும் நுண்ணிய உலோகப் பொருள்களும் உருவாயின. குதிரைச் சேணத்தின் இரும்பு மிதியில் பொன்னும் வெள்ளியும் பதிக்கும் காகா வேலைப்பாடு நாடெங்கும் புகழ்பெற்றது. ஐந்தாம் தலைவர் த்சுனனோரி, பற்பல கைத்தொழில்களின் மாதிரிகளைத் திரட்டிப் பெட்டிகளில் வகைப்படுத்தி வைத்தார். போர்க்களத்தில் பெற்ற எந்த வெற்றியையும்விட இதனையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

1871இல் குறுநில ஆட்சிகள் ஒழிந்தன. 1876இல் வாள் ஏந்தவும் தடை வந்தது. ஆதரவிழந்த கைவினைஞர் பலர் பூச்சாடிகளும் தட்டுகளும் செய்து பிழைத்தனர். இன்று ஜப்பானின் பொன் தகடு ஏறத்தாழ முழுவதும் இந்நகரிலேயே தட்டப்படுகிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மூச்சுக்காற்றுப் பட்டாலே பறந்துவிடும்.

நகாமாச்சி தெருவில் சாமுராய்களின் பழைய இல்லங்களைக் காணலாம். குளிர்காலத்தில் சென்றால், பனி அரிக்காதிருக்க அவற்றின் மண்சுவர்களுக்கு வைக்கோற்பாய் போர்த்தியிருப்பார்கள்.