பூத்த கோல்

ஆண்டுகள் பலவாகத் தேம்பாவணிப் பாடல்களுக்குப் பொருளுரைத்து வந்தவன் நான். அதனை இயற்றிய வீரமாமுனிவர் இத்தாலியிற் பிறந்தவர் என்பதும், காப்பியம் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது என்பதும், அதன் தலைவனாகிய வளன் என்பவர் சூசையப்பரே என்பதும் என் நாவில் தடையின்றி வரும். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, எங்கள் கோயில்களில் சூசையப்பரைப் பார்த்திருக்கிறீர்களா? கையில் பூத்த கோல் இருக்கும்” என்றாள். ‘இல்லை’ என்று சொல்ல நாணி, “பாடத்தைக் கவனி, அம்மா” எனக் கூறி அடுத்த பாடலுக்குச் சென்றுவிட்டேன். அவள் தலைகுனிந்து அமர்ந்தாள். அக்காட்சி வீடுவரை என்னைத் தொடர்ந்து வந்தது.

அவ்வாரச் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் சென்றேன். செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பகுதி அது. அங்கே துன் சம்பந்தன் சாலையில் புனித செபமாலை அன்னை ஆலயம் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கத்தோலிக்கர்க்கென எழுப்பப்பெற்றது. அவ்வழியே எத்தனையோ முறை சென்றிருக்கிறேன், உள்ளே நுழைந்ததில்லை.

நம் கோயில் மண்டபங்களில் தூண்களின்மேல் உத்திரம் கிடக்கும்; பாரம் நேரே கீழிறங்கும். ஆதலால் தூண்கள் நெருங்கி நிற்கும். இவ்வாலயத்தின் கோதிக் பாணியிலோ இரண்டு வளைவுகள் உயர்ந்து, கூர்முனையில் ஒன்றையொன்று தாங்குகின்றன. அரைவட்ட வளைவினும் கூர்வளைவு சுவரை வெளியே தள்ளும் விசை குறைவு. எஞ்சிய விசையை முட்டுச்சுவர்கள் ஏற்கும். அதனாலேயே சுவரில் உயர்ந்த சாளரங்கள் அமைக்க இடம் பிறக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றிய இப்பாணியிலேயே சென்னைச் சாந்தோம் பேராலயமும் 1896இல் எழுந்தது.

வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்துச் சித்திரச் சாளரம் செய்வர். பகலில் வெளியே நின்று நோக்கினால் அது மங்கிய கண்ணாடியே. உள்ளே நின்றவர்க்கே அதன் நிறம் தெரியும். என் பாடநூற் புலமையும் வெளியே நின்று கண்ட சாளரமாகவே இருந்தது!

ஒருபுறம் சூசையப்பர் நின்றார். அவர் கைக்கோலின் முனையில் வெண்ணிற லில்லி மலர்கள். அவருடைய கோல் பூத்தது என்பது கிறித்தவ மரபு. அம்மலர்களைக் கண்டபோது, கடல் கடந்து வந்து நம் மொழியினுள் வாழ்ந்தே மறைந்த அம்முனிவரை நினைத்தேன். அவர் அவ்வளவு தொலைவு வந்தார். நான் ஒரு சாலையைக் கடக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் அம்மாணவியை நோக்கி, “அன்று நீ கேட்டதற்கு விடை, ‘பார்த்ததில்லை’ என்பதே. அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பாடத்தைச் சாக்காக்கினேன். இப்போது பார்த்துவிட்டேன்” என்றேன்.

“கோல் பூத்திருந்ததா, ஐயா?” என்றாள்.

“பூத்திருந்தது, அம்மா. அடுத்த பாடலுக்கு இன்று நீ பொருள் சொல், நாங்கள் கேட்கிறோம்” என்று கூறி, அவள் இருக்கையில் நான் அமர்ந்தேன்.