கெனேசரேத்தின் பழைய படவு



தேவகிருபையால் 2019ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு குழுவாக இஸ்ரவேல் தேசத்தைச் சுற்றிப்பார்க்கச் சென்றோம். கலிலேயாக் கடல் என்று நாம் வாசிப்பது ஏறக்குறைய 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரியே. நமது வேம்பநாட்டுக் காயல் அதைவிட மிக நீளமானது! ஆயினும் கடல்மட்டத்திற்குச் சுமார் 210 மீட்டர் தாழ்வில், மலைகளின் நடுவே கிடப்பதால், காற்று சடுதியாய் இறங்கி அலைகளை எழுப்பிவிடும்.

அதன் கரையிலுள்ள கினோசாரில் ஒரு பழைய படவைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1986ஆம் ஆண்டு வறட்சியால் நீர் வற்றியபோது, மீனவச் சகோதரர் இருவர் அதைச் சேற்றில் கண்டார்கள். ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையானது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம். ஆண்டவர் ஏறிய படவு இதுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்லவும் வேண்டியதில்லை. அதில் பத்துக்கும் மேற்பட்ட மரவகைகள் உள்ளன. புதுப் பலகைக்கு வழியில்லாத யாரோ ஓர் ஏழை, கிடைத்த துண்டுகளையெல்லாம் வைத்து மீண்டும் மீண்டும் பழுதுபார்த்திருக்கிறான்.

எங்களோடு விழிஞ்சம் பகுதியிலிருந்து ஒரு தாயாரும் வந்திருந்தார். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஓகி புயலில் இளைய மகனைக் கடலுக்குக் கொடுத்தவர். வளைகுடாவிலிருக்கும் மூத்தவன் அனுப்பிய பணத்தில் வந்தவர். மற்றவர்கள் புகைப்படம் எடுத்து முடித்து வெளியேறிய பின்பும் அவர் படவின் அருகிலேயே நின்றார். பின்பு மெல்லக் கேட்டார்: "பாஸ்டர், இதுல போனவங்க எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்களா?"