புதன்கிழமை வீடுகள்

ஜூன் 2, 2024, ஞாயிறு

ஐயர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கினார். பீடத்துக்கு மேலே இருந்து காரை பெயர்ந்து விழுந்தது. முறம் அகலத்துக்கு ஒரு துண்டு. ராப்போஜனப் பாத்திரத்தை மூடியிருந்த வெள்ளைத் துணிமேல் விழுந்து தூளாகிவிட்டது. யாரும் கத்தவில்லை. ஆர்கன் வாசிக்கிற தம்பி மட்டும் விரலை எடுக்க மறந்துவிட்டான். ஒரே சுரம் நீண்டுகொண்டே இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் நின்று பரமண்டல ஜெபம் சொல்லி வீட்டுக்கு வந்தோம். தலையெல்லாம் சுண்ணாம்பு.

ஜூன் 5

இன்ஜினியர் பார்த்துவிட்டுப் போனார். மெட்ராஸ் டெரஸ், உத்தரம் உளுத்திருக்கிறது, உள்ளே ஆள் நிற்கக் கூடாது என்றார். பூட்டியாகிவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

இன்று ஸ்கூல் ஹாலில் ஆராதனை. பாதிப் பேர் வெயிலில் நின்றார்கள். கூரை வேலை முடிகிறவரை வாரத்தில் ஒரு நாள் வீடுகளில் கூடுவது என்று முடிவாகியிருக்கிறது. ஐயர் சபையைத் தெருவாரியாக ஐந்து பிரிவாக்கிவிட்டார். எங்கள் பிரிவில் ஒன்பது குடும்பம், புதன்கிழமை. முதல் வீடு எங்களுடையது. கூடம் பெரியது, காற்று வரும் என்றார்கள். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வீட்டுக்காரர்தான் முதல் ஜெபம் செய்ய வேண்டுமாம். இவர் வாயைத் திறக்க மாட்டார், ஆக நான்தான். தலைமுறை தலைமுறையாக லுத்தரன். எங்களுக்கு எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. பாவ அறிக்கை புத்தகத்தில், ஸ்தோத்திரம் புத்தகத்தில், சாவுக்கும் கல்யாணத்துக்கும் புத்தகத்தில். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் குழாயைத் திறந்த மாதிரி ஜெபிப்பார்கள். எனக்குக் கண்ணை மூடினால் எட்டாம் வகுப்பு பி பிரிவின் வருகைப்பதிவுதான் ஓடுகிறது.

ஜூன் 11

பேப்பர் கப் வாங்கினேன். ஐம்பது. அத்தைதான் சொன்னார்கள், கழுவுகிற வேலை இல்லை என்று.

ஜூன் 12, புதன்

இருபத்திரண்டு பேர் வந்தார்கள். சோபாவைத் தாழ்வாரத்துக்குத் தள்ளி ஜமுக்காளம் விரித்தோம். ஞானப்பாட்டுப் புத்தகம் ஏழுதான் இருந்தது, மூன்று பேருக்கு ஒன்று. கோயிலில் அவரவர் பெஞ்சு, அவரவர் இடம். பின்னால் இருப்பவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இங்கே முழங்காலும் முழங்காலும் இடிக்கிறது. டெய்லர் அண்ணனுக்கு இவ்வளவு நல்ல குரல் என்று இருபது வருஷமாகத் தெரியாது.

ஜெபம்? நான்கு வாக்கியம் சொன்னேன். நான்காவது முடியவில்லை, ஆமென் போட்டுவிட்டேன்.

வேதபாடத்துக்கு ஐயர் ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார். 1526இல் மார்ட்டின் லுத்தர் ஜெர்மன் ஆராதனை முறையை வெளியிட்டபோது எழுதிய முன்னுரையின் சுருக்கம். மூன்று வகை ஆராதனை சொல்கிறார்: லத்தீனில் ஒன்று, சாதாரண ஜனங்களுக்கு ஜெர்மனில் ஒன்று, மூன்றாவது வீட்டில். உண்மையாகவே கிறிஸ்தவர்களாக இருக்க விரும்புகிறவர்கள் பேரைப் பதிந்துகொண்டு ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கலாம், வாசிக்கலாம், ஞானஸ்நானமும் ராப்போஜனமும்கூட அங்கேயே நடத்தலாம் என்கிறார். அதோடு, அப்படிப்பட்ட ஆட்கள் இன்னும் தன்னிடம் இல்லை என்று சொல்லி அந்த விஷயத்தை விட்டுவிடுகிறார்.

"லுத்தருக்கே ஆள் கிடைக்கல. நமக்குக் கூரை விழுந்து கிடைச்சிருக்கு" என்றார் ஐயர். எல்லோரும் சிரித்தோம்.

நர்ஸ் அக்கா கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வாங்க என்றேன். "இங்கயே காத்து நல்லா வருது டீச்சர்" என்றார்.

ஜூன் 19

தாசில்தார் ஆபீஸ்காரர் வீட்டில். மின்விசிறி சத்தத்தில் வேதபாடம் கேட்கவில்லை. கேசரி நன்றாக இருந்தது. பேப்பர் தட்டு, பேப்பர் கப்.

ஜூன் 26

மறுபடி எங்கள் வீடு. மாடியில் குடியிருக்கிற அம்மா பாட்டுச் சத்தம் கேட்டு இறங்கி வந்துவிட்டார்கள். நெற்றியில் விபூதி, கையில் பாதி தொடுத்த கதம்பம். "நான் சும்மா கேட்டுட்டுப் போறேன்" என்றார்கள். கீர்த்தனை பாடும்போது விரலால் தாளம் போட்டார்கள். பிலஹரியா என்று என்னிடம் கேட்டார்கள். யாருக்குத் தெரியும். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் இருந்தால் சொல்லியிருப்பார்.

வந்த எல்லோருக்கும் சந்தோஷம், புது ஆள் வந்திருக்கிறாரே. அத்தை உள்ளே போய் கண்ணாடி அலமாரியைத் திறந்து வெள்ளிப்பூண் போட்ட டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பேப்பர் கப்பில் டீ.

ஐயர் ஒரு படிவம் வைத்திருக்கிறார். கூட்டம் நடந்த வீடு, வந்தவர்கள், காணிக்கை, புதியவர்கள். கடைசிக் கட்டத்தில் 1 என்று எழுதினார். அந்த ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் பாட்டுக் கேட்க வந்தவர்கள்.

ஜூலை 3

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மார்க் ஷீட்.

ஜூலை 9, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு மாதர் சங்கத்தாரோடு தரங்கம்பாடி போனேன். 1706இல் இதே தேதியில்தான் சீகன்பால்குவும் புளுட்சௌவும் கரை இறங்கினார்கள். டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன்காரர்கள். கடலோரத்து நினைவுச்சின்னத்துக்கு மாலை, பிறகு புதிய எருசலேம் ஆலயத்தில் ஆராதனை. சீகன்பால்கு 1718இல் கட்டி முடித்த கோயில், அடுத்த வருஷமே முப்பத்தாறு வயதில் போய்விட்டார். பீடத்துக்கு முன்னால் அடக்கம்.

பிரசங்கம் செய்தவர் வீட்டுக் கூட்டத்தின் சரித்திரத்தைச் சொன்னார். 1670இல் பிராங்க்பர்ட் நகரத்தில் ஸ்பெனர் என்கிற லுத்தரன் குரு தன் வீட்டில் ஆட்களைக் கூட்டி வேதம் வாசிக்க ஆரம்பித்தாராம். அந்த வழியில் வந்தவர் ஹாலே நகரத்துப் பிராங்கே. ஹாலேயில் படித்தவர் சீகன்பால்கு. ஒரு வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்தது நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது என்று முடித்தார். ஸ்வீடன் ராஜாங்கம் 1726இல் வீட்டுக் கூட்டங்களையே சட்டம் போட்டுத் தடுத்ததையும் சொன்னார். 1858 வரை அந்தச் சட்டம் இருந்ததாம். அதே ஸ்வீடன்காரர்தான் பிற்பாடு நம் சபைக்கு முதல் பிஷப், ஹைமன். தடுத்தவர்கள் வீட்டிலிருந்தே பிஷப் வந்தார் என்று எல்லோரும் தலையாட்டினோம்.

ஆரோன் ஐயரையும் சொன்னார்: 1733இல் குருப்பட்டம், இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் குரு.

திரும்பும் பஸ்ஸில் நர்ஸ் அக்கா எனக்குப் பக்கத்து சீட். பொறையாறு தாண்டியதும் கேட்டார்: "ஆரோனைச் சொன்னாங்க. இராஜநாயக்கனைச் சொல்லலையே டீச்சர்?"

யார் என்றேன். தஞ்சாவூர் ராஜா படையில் சிப்பாயாக இருந்தவர், தரங்கம்பாடியில் அச்சடித்த சுவிசேஷம் கையில் கிடைத்து வாசித்து, தானாகவே தேடி வந்தவர். தஞ்சாவூர்ப் பக்கம் உபதேசியாராக எத்தனையோ வருஷம் ஊர் ஊராகப் போய் சபையைச் சேர்த்தவர். "எங்க தாத்தா அவர் கதையைச் சாமி கதை மாதிரி சொல்வார்" என்றார்.

"அவருக்குக் குருப்பட்டம் குடுக்கலையா?"

"இல்ல." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், இந்தப் பைய கொஞ்சம் மேல வைக்கிறீங்களா?"

ஜூலை 11

ஐயரிடம் கேட்டேன். ஆமாம், குருப்பட்டம் கொடுக்கப் பேசினார்கள், கடைசியில் தியோகோ என்பவருக்கு 1741இல் கொடுத்தார்கள் என்றார். ஏன் என்றேன். இராஜநாயக்கன் பறையர். மேல் ஜாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையிலிருந்து ராப்போஜனம் வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்களாம். தரங்கம்பாடிக் கோயிலிலேயே தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள் என்றும் சொன்னார்.

"இதையும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்களேன்" என்றேன். "புதன்கிழமைக்கு வேண்டாம் டீச்சர்" என்றார். நல்ல மனுஷர், சின்ன வயது. பயப்படுகிறார். நானும்தான் திரும்பக் கேட்கவில்லை.

ஜூலை 16

நாளைக்கு நர்ஸ் அக்கா வீடு என்று ஐயரின் பட்டியலில் இருந்தது. மழை வரும்போல இருக்கிறது, காலனிப் பக்கம் சேறாக இருக்கும், டீச்சர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் போட்டார். ஆறு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். நானும் சரி என்று போட்டேன்.

ஜூலை 17

மழை வரவில்லை.

ஜூலை 28

மாடி அம்மாவின் மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவை மாத்தப் பாக்குறீங்களா?"

"பாட்டுக் கேட்க வர்றாங்கப்பா."

"அது தெரியும். உங்க ஆளுங்க அப்படி நினைக்கிறாங்களா?"

அந்தப் படிவத்தின் கடைசிக் கட்டம் ஞாபகம் வந்தது. ஐயரிடம் சொல்லி அந்த 1ஐ அடிக்கச் சொல்கிறேன் என்று அவனிடம் சொல்ல முடியுமா? வாடகையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். ராத்திரி கோபம் வந்தது, அவன் மேலா, ஐயர் மேலா தெரியவில்லை. நம்புகிறதை நாலு பேருக்குச் சொல்வது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மாடி அம்மா அடுத்த புதன் வராவிட்டால் கணக்கில் ஒன்று குறையும் என்பதா கவலை, தாளம் போட ஆள் இல்லை என்பதா?

ஜூலை 31

வந்தார்கள். மகன் போன் செய்தது அவர்களுக்குத் தெரியாது. கதம்பத்தில் ஒரு முழம் எனக்கு.

ஆகஸ்ட் 14

காய்ச்சல்.

ஆகஸ்ட் 27

வாட்ஸ்அப்பில் நர்ஸ் அக்கா: "நாளை கூட்டம் என் வீட்டில். டீ உண்டு." அவ்வளவுதான். எவரும் பொம்மை போடவில்லை. ஐயர் மட்டும் ஆமென் என்று போட்டார்.

ஆகஸ்ட் 28, புதன்

அத்தைக்குக் கால் வலி, வரவில்லை. போன வருஷம் அந்தக் காலில் சர்க்கரைப் புண் வந்தபோது, நர்ஸ் அக்கா மூன்று மாசம் தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து கட்டு மாற்றினார். காசு வாங்கவில்லை.

இவரும் நானும் போனோம். சேறும் இல்லை, இருட்டும் இல்லை. சிமெண்ட் ரோடு, எல்.இ.டி. விளக்கு, எங்கள் தெருவைவிட வெளிச்சம். மொத்தம் ஒன்பது பேர். டெய்லர் அண்ணன் வந்திருந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஜன்னலில்.

ஐயர் பேசவில்லை, நர்ஸ் அக்காவையே நடத்தச் சொன்னார். தாத்தாவின் சிறிய ஞானோபதேசத்தை எடுத்தார், மூலைகள் தேய்ந்து வட்டமாகிப்போன புத்தகம். 1529இல் லுத்தர் எழுதியது. ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பில், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டிய முறை என்று இருக்கும். இந்த வீட்டில் அக்காதான் தலைவன். அன்றன்றுள்ள அப்பம் என்கிற மன்றாட்டின் விளக்கத்தை எங்களைச் சொல்லச் சொன்னார். திடப்படுத்தலுக்குப் பதின்மூன்று வயதில் மனப்பாடம் செய்தது, வாய் தானாக ஓடியது: சாப்பாடு, துணி, வீடு, நிலம், நல்ல அரசாங்கம், நல்ல சீதோஷ்ணம்... கடைசியில் நல்ல அயலகத்தாரும். அப்பத்தில் அயலார் எங்கே வந்தார் என்று டெய்லர் அண்ணன் கேட்டார். "லுத்தர்கிட்டதான் கேக்கணும்" என்றார் அக்கா.

டீ வந்தது. எவர்சில்வர் டம்ளர், ஒவ்வொன்றிலும் அவர் பேர் வெட்டியிருந்தது, ரிட்டயர்மெண்டுக்கு வார்டு ஆட்கள் கொடுத்த செட்டாம். தட்டை என் பக்கம் நீட்டினார். எடுத்துக்கொண்டேன். உடனே எடுத்தேனா என்று இப்போது யோசிக்கிறேன். ஞானப்பாட்டுப் புத்தகத்தை மடியில் வைக்க இடம் தேடினேன், அதனால் கொஞ்சம் நேரமாயிருக்கலாம். அக்கா தட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை: "எத்தனை பேர்?"

"ஒன்பது."

"டீ குடுத்தாளா?"

"ம்."

"எதுல?"

"டம்ளர்ல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ குடிச்சியா?"

"சீனி ஜாஸ்தி" என்றேன்.

சீனி சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 29

தூக்கமில்லை.

செப்டம்பர் 11

தாசில்தார் ஆபீஸ்காரர் வீடு. இருபத்தொரு பேர். நான் நீளமாக ஜெபித்தேன், புத்தகம் இல்லாமல், ஐந்து நிமிஷம் இருக்கும். எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு வார்த்தைகூட இப்போது ஞாபகம் இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

கூரைக்கு இரும்பு உத்தரம் ஏற்றிவிட்டார்கள். அட்வெந்து முதல் ஞாயிறு கோயிலிலேயே ஆராதனை என்று ஐயர் அறிவித்தார். ஸ்கூல் ஹாலே அதிர ஸ்தோத்திரம். புதன் கூட்டங்களைத் தொடர்வதா என்று கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். திரும்பிப் பார்த்தேன், நர்ஸ் அக்கா தூக்கவில்லை. வெளியே வந்து ஏன் என்றேன். "எனக்குக் கோயில்ல என் பெஞ்சு இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அக்டோபர் 1, செவ்வாய்

நாளைக்கு எங்கள் வீடு. அத்தை தூங்கிய பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து டம்ளர்களை எல்லாம் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். வெள்ளிப்பூண் போட்டது, போடாதது, சீராக வந்தது, நெளிந்தது எல்லாம் சேர்த்து எண்ணினேன். பதினேழு. வருகிறவர்கள் இருபத்திரண்டு பேர், மாடி அம்மாவோடு இருபத்துமூன்று.